கையைக் காட்டச் சொல்கிற வேலை

முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி, "கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்கிற உத்தியோகம் என்னுடையது. நான் ரேகை பார்ப்பவள் இல்லை, ஊசி போடுபவளும் இல்லை. பச்சை குத்தியதன் வரலாற்றைச் சேகரிக்கிறவள். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து நடத்தும் சிறிய அறக்கட்டளை ஒன்றில் ஒப்பந்த ஊழியர். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய பச்சை குத்திய கைகளைத் தேடிப் போக வேண்டும், படமெடுக்க வேண்டும், கையின் மேல் கண்ணாடித்தாளை விரித்து மார்க்கர் பேனாவால் கோடு கோடாகப் பிரதி எடுக்க வேண்டும், கடைசியில் படிவம் நிரப்ப வேண்டும்.

சென்சஸுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் வீடு வீடாக அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாய் துரத்தியதையும் தண்ணீர்கூடத் தராமல் வாசலிலேயே நிற்க வைத்ததையும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதெல்லாம் நம் சம்பளத்தில் சேர்த்தி. நான் சொல்ல வந்தது வேறு. நாலு வருஷமாக எனக்கு ஒரே ஒரு விஷயத்தில் வயிறு எரிகிறது, அதைத்தான் இங்கே கொட்டப் போகிறேன்.

ஏழாவது கட்டம்

எங்கள் படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள். ஏழாவது, "பச்சை குத்தியவர் பெயர்". பதினொரு கட்டமும் நிரம்பும், ஏழாவது மட்டும் காலியாக இருக்கும். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "குறத்தி வந்தா, குத்துனா, போனா." அது ஒருத்தியின் சாதி, பெயர் இல்லை. கைக்காரியின் பெயர், புருஷன் பெயர், குலதெய்வத்தின் பெயர் எல்லாம் எழுதுகிறோம். அந்தக் கையில் வெயிலில் உட்கார்ந்து மணிக்கணக்காக ஊசி பிடித்தவளுக்கு மட்டும் பெயர் கிடையாது. பெயர் தெரியாத கலைஞர் என்று ஒரு முத்திரையே எங்கள் ஆபீசில் செய்து வைத்திருக்கிறார்கள். எழுதி எழுதிக் கை வலிக்கிறதாம்.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் ராக்கம்மா என்று ஒருவர். எழுபது வயதைத் தாண்டியும் களை எடுக்கப் போகிறவர். அவருடைய முன்கையில் ஒரு கோலம், கோலத்துக்குக் கீழே ஒரு தேள், மணிக்கட்டுக்கு மேலே தனியாகச் சாய்ந்த வரிசையில் ஐந்து புள்ளிகள். கோலத்துக்கும் தேளுக்கும் புள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. இதே சாய்வில் புள்ளி வைத்த கைகளை அதற்கு முன்பே வேறு மூன்று ஊர்களில் பார்த்திருந்தேன். ஒரே ஆள் குத்தியது என்று அப்போதுதான் உறைத்தது. யார் குத்தியது, ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள் என்று விடாமல் நச்சரித்தேன். ஊசி வாங்கக் கீழவாசல் பாய் கடைக்குப் போவாள் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. பெயர் எப்படி மறந்துபோகும் என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்புட்டு வலியில பேரு கேக்கத் தோணுமா தாயி? நீ பிள்ளை பெத்தப்ப பக்கத்துல நின்ன ஆயாம்மா பேரைக் கேட்டியா?"

நகத்தில் உரசிய ஊசி

ராக்கம்மா சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு கீழவாசல் பக்கம் ஊசி, நூல், பித்தான் விற்கிற கடைகளில் ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். பச்சை குத்துகிற அம்மா ஒருவர் இங்கே ஊசி வாங்குவாராமே என்று ஆரம்பித்தேன். நான் முடிக்கவில்லை, "பேச்சியம்மாவா?" என்று கேட்டுவிட்டார்.

நாலு வருஷம் அலைந்து கிடைக்காத பெயர், நூல்கண்டு எடுத்துக் கொடுக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக வந்தது. பாயுடைய அத்தா, அதாவது அப்பா, கடை நடத்திய காலத்திலிருந்து வாடிக்கையாம். பேச்சியம்மா ஒவ்வொரு ஊசியையும் கட்டைவிரல் நகத்தில் உரசிப் பார்ப்பாராம். சொரசொரப்பு தட்டினால் அதை ஓரமாக வைத்துவிடுவாராம். பத்து ஊசி காட்டினால் மூன்றுதான் எடுப்பார், அந்த மூன்றையும் நூலால் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக்கொள்வார். மகள் முத்துமாரி வில்லாபுரம் மார்க்கெட் வாசலில் பாசிமணி விற்கிறாள், போய்ப் பாருங்கள் என்று வழியும் சொன்னார். இதற்கு முன் யாராவது வந்து கேட்டார்களா என்றேன். எங்கள் அறக்கட்டளை இந்த விஷயத்தில் மூன்று கருத்தரங்கம் நடத்தியிருப்பதையும் சொன்னேன். பாய் சிரித்தார். "யாவாரிகிட்ட கேக்காம வாத்தியாருக்கு வாத்தியாரு பேசிக்கிட்டா பேரு எப்படிம்மா கிடைக்கும்?"

மிச்ச மை

முத்துமாரிக்கு ஐம்பது வயதிருக்கும். பிளாஸ்டிக் விரிப்பில் பாசிமணி, சீப்பு, ஊக்கு எல்லாம் பரப்பி உட்கார்ந்திருந்தார். கேமராவைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் படிவத்தை மூடிப் பையில் வைத்துவிட்டு, ராக்கம்மா கையிலிருந்து எடுத்த கண்ணாடித்தாளை மட்டும் நீட்டினேன். அவர் கோலத்தைப் பார்க்கவில்லை, தேளையும் பார்க்கவில்லை. நேராகப் புள்ளிகளில் விரலை வைத்தார். "இது எங்கம்மா."

பிறகு அவரே சொன்னார். பச்சைக்கு மை அரைக்கும்போது தாய்ப்பால் விடுவார்கள். பால் கலந்த மையை மண்ணில் ஊற்றினால் பால் கொடுத்தவளுக்கு ஆகாது. அதனால் வேலை முடிந்த பிறகு கொட்டாங்கச்சியில் மிச்சமிருப்பதை மற்றவர்கள் ஏதாவது மரத்து வேரில் தடவிவிட்டுப் போவார்கள். பேச்சியம்மாவுக்கு அதற்கும் மனசு வராது. மை தீர்கிறவரை அந்தக் கையிலேயே சாய்வாகப் புள்ளி வைத்துவிடுவார். சில கையில் இரண்டு, சில கையில் ஏழு. அதற்குக் கூலி கேட்க மாட்டார்.

பேச்சியம்மா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது, அவருடைய ஒரு போட்டோகூட வீட்டில் இல்லை. முத்துமாரி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கே அந்தப் படத்தை வைத்தாலும் கீழே பேச்சியம்மா என்று எழுத வேண்டும். கட்டாயம் எழுதுவேன், எழுதி முடித்ததும் வந்து கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன். பாசியைக் கோர்த்தபடியே பதில் சொன்னார்: "வாரேன்னு சொல்லிட்டுப் போனவங்க ஏழெட்டுப் பேரு இருக்காங்க. உன்னையும் அந்தக் கணக்குல சேத்துக்கிறேன், வந்தா எடுத்துர்றேன்."

டாட்டூக்காரர் யோசித்த புள்ளி

அக்கா மகன் கல்லூரி முடித்த சந்தோஷத்தில் டாட்டூ போட வேண்டும் என்றான். துணைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, தோல் நாற்காலி. சுவரில் மாட்டியிருந்த டிசைன்களில் ஒன்றைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ராக்கம்மாவின் கோலம், ராக்கம்மாவின் தேள், ஐந்து புள்ளி, அதே சாய்வு. எங்கள் அறக்கட்டளை விளம்பரத்துக்காக இணையத்தில் போட்ட படத்திலிருந்து அப்படியே உருவி, மூலையில் கடை முத்திரை குத்தியிருந்தார்கள்.

இது யார் வரைந்தது என்று கேட்டேன். கடைக்காரர் என் அக்கா மகனைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நான்தான் என்றார், முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. பேச்சியம்மாவைப் பற்றியும், பாலைப் பற்றியும், மிச்ச மையைப் பற்றியும் அந்த ஏசிக் குளிரில் நின்று நான் அவருக்குக் கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அக்கா மகன் எனக்குப் பின்னால் நின்று மானம் போகிறது சித்தி என்று முணுமுணுத்தான். கடைசியில் அவர் மிகவும் பொறுமையாக எனக்கு விளக்கினார்: "மேடம், கோலம் வேணா பழசா இருக்கலாம். அந்தப் புள்ளிதான் இதுல ஸ்டைலே. அது நானே யோசிச்சு வச்சது."

நீட்டாக எடுத்தாச்சு

டாட்டூ கடைக்காரராவது புள்ளியோடு சேர்த்துத் திருடினார். எங்கள் ஆபீசில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. கண்காட்சி ஏற்பாடானது. புள்ளியை வைத்துப் பேச்சியம்மா குத்தியது என்று நான் அடையாளம் கண்ட பதினான்கு கைகளின் படங்களையும் பெரிதாக அச்சடிக்கக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சுரேஷிடம் கொடுத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து அச்சான படங்கள் வந்தன. கோலம் பளிச்சென்று இருந்தது. தேளும் அப்படித்தான். புள்ளி எங்கே? ஒரு கையிலும் இல்லை. பதினான்கு கையும் சோப்பு விளம்பரத்துக் கை மாதிரி வழவழவென்று இருந்தது. பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்திருந்தான். இணையத்தில் போட்ட படத்தையும் அழகாக இருக்கட்டும் என்று மாற்றிவிட்டான். சரி, கண்ணாடித்தாள் இருக்கிறதே என்று அலமாரியைத் திறந்தேன். படம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, இது இடத்தை அடைக்கிறது என்று கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார்கள். வரலாற்றைப் பாதுகாக்கிற ஆபீசில் அலமாரிக்கு இடமில்லை.

ராக்கம்மா மாசி மாதமே இறந்துவிட்டார், அந்தக் கை இனி இல்லை. மற்றவர்களிடம் மறுபடி போய்ப் படமெடுத்து வருகிறேன் என்று கெஞ்சினேன். கண்காட்சிக்கு நாலு நாள்தான் இருக்கிறது என்றார் திட்டப் பொறுப்பாளர். நான் அழுதேன், வெட்கமில்லாமல் ஆபீசின் நடுவில் நின்று அழுதேன். சுரேஷுக்கு நான் எதற்கு அழுகிறேன் என்று புரியவே இல்லை. ஆறுதல் சொல்ல வந்தான்: "அக்கா, கரும்புள்ளியெல்லாம் மரு மாதிரி அசிங்கமா இருந்துச்சுக்கா. ஒரு கை விடாம மூணு நாள் உக்காந்து நீட்டா எடுத்திருக்கேன், நல்லாப் பாருங்க."

முகம் வேண்டாம்

புள்ளி போனதும் பெயரும் போனது. ஊசிக்கடைக்காரர் சொன்னார், மகள் சொன்னார் என்பதெல்லாம் ஆதாரமாகாது என்றார் பொறுப்பாளர். பதினான்கு படத்துக்குக் கீழேயும் "பெயர் தெரியாத கலைஞர்" என்று அச்சடித்து ஒட்டினார்கள். நான் முத்துமாரியிடம் இதை மறைத்திருக்கலாம். மறைக்க மனசு வரவில்லை. திறப்பு விழாவன்று காலையில் வில்லாபுரம் போய், நடந்ததை எல்லாம் சொல்லி ஆட்டோவில் கூட்டி வந்தேன்.

அரங்கத்துக்குள் வந்து முதல் படத்தின் முன் நின்றார். எட்டாவது வரை படித்தவர், ஒட்டியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறகு வலது கையைக் கண்ணாடிச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே தேள், அதே கோலம், மணிக்கட்டுக்கு மேலே சாய்வாக ஆறு புள்ளி. அவர் கையில் பச்சை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாலு வருஷம் ஊரெல்லாம் கையைக் காட்டச் சொன்ன நான், இவரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கூட்டம் சேர்ந்தது. பொறுப்பாளர் ஓடி வந்தார். ஆதாரம் கண்ணெதிரே நிற்கிறது, இனி என்ன சொல்வார் என்று பார்த்தேன். போட்டோகிராபரைக் கூப்பிட்டார். "அம்மா, கையை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க, முகம் வேண்டாம்" என்றார்.

முத்துமாரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. பையிலிருந்த மார்க்கரை எடுத்துச் சட்டத்தின் கண்ணாடியிலேயே, ராக்கம்மா கைக்கு நேர் கீழே, "குத்தியவர்: பேச்சியம்மா" என்று பெரிதாக எழுதினேன். அடுத்த படத்திலும் எழுதினேன், அதற்கடுத்ததிலும். பதினான்கிலும் எழுதி முடிப்பதற்குள் பொறுப்பாளர் ஈரத்துணியோடு ஒரு ஆளை அனுப்பிவிட்டார். அந்த ஆள் முதல் படத்திலிருந்து துடைத்துக்கொண்டு வந்தார். முத்துமாரியிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் என் மார்க்கரை வாங்கி, மூடியைப் போட்டு, திரும்ப என் உள்ளங்கையில் வைத்தார். "துடைச்சா துடைக்கட்டும். இது எத்தனை நாளு நடக்குது? நாளைக்கும் வந்து எழுது."

கண்காட்சி பதினொரு நாள் நடந்தது, நான் பதினொரு நாளும் எழுதினேன், அவர்கள் பத்து நாள்தான் துடைத்தார்கள். வரலாற்றைப் பாதுகாப்பதற்கு என் சர்வீசில் நான் கண்ட ஒரே வழி இதுதான்.