சோம்பேறிப் பானையும் பரிசோதகரும்

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுக்கு ‘மீட்டர்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பன்னிரண்டு வருடங்களாக அழுக்குப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுப்பவள், போகும்போதும் வரும்போதும் கொதிகலன் அறையின் கதவருகே நின்று அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பாள். முள் கொஞ்சம் தள்ளி நின்றால் கொதிகலனை இயக்குபவருக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். அவரும் “மீட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று எழுந்து போவார்.

அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த வேலைக்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்கு ஆறு வார மாலை வகுப்பு. ஆறேகாலுக்குத் தொடங்கி எட்டேகால் வரை. மூன்று நாள் வராதவரின் பெயரை அடித்துவிடுவார்கள். மறுபடி வகுப்பு நடக்க ஒன்றரை வருடம் ஆகும். அதற்குள் வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மீட்டர் முதல் நாளே போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டாள். வகுப்பில் இருபத்தொரு ஆண்கள், இவள் ஒருத்தி.

அவள் கணவர் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். விடியற்காலை நான்கு மணிக்கு வேலை. பகல் பன்னிரண்டரைக்கு வீடு. இரவு எட்டுக்கெல்லாம் தூங்கிவிட வேண்டும் என்பதால் சாப்பாடு சரியாக ஆறு மணிக்கு மேசைக்கு வர வேண்டும். பன்னிரண்டரையிலிருந்து ஆறு வரை அவர் என்ன செய்கிறார் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. செய்தித்தாள் படிப்பார். சன்னலோரம் நின்று தெருவில் போகும் பேருந்துகளை எண்ணுவார். ஐந்தரை மணி நேரம் இரண்டு கையும் சும்மா இருக்கும் ஒரு மனிதர், எட்டு மணி நேரம் வெந்நீராவியில் நின்றுவிட்டு வரும் மனைவி வந்து அடுப்பைப் பற்றவைப்பதற்காகக் காத்திருந்தார். இதற்கு அந்த வீட்டில் ஒழுங்கு என்று பெயர்.

வகுப்பின் முதல் வாரம் அவள் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமைக்குள் அது பணிமனை முழுக்கத் தெரிந்துவிட்டது. வீட்டில் தன்னைப் பட்டினி போடுகிறார்கள் என்று, ஐந்து முட்டை தின்ற வயிற்றைத் தடவிக்கொண்டே அவர் சொல்லியிருந்தார். கீழ்வீட்டில் இருந்த அவருடைய அக்கா மேலே ஏறி வந்து, வகுப்பும் வேண்டாம் உரிமமும் வேண்டாம், முதலில் புருஷனுக்குச் சூடாக ஒரு கவளம் போடு என்றார்.

இந்தக் கதையைக் கேட்டு, சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற அக்கா தன் வீட்டில் தூசி படிந்து கிடந்த ஸ்லோ குக்கரைக் கொண்டுவந்து கொடுத்தாள். கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றி மின்சாரத்தில் சூடேறும் உறை, மேலே கண்ணாடி மூடி. காலையில் எல்லாவற்றையும் போட்டு, குமிழைக் குறைந்த சூட்டுக்குத் திருப்பி, மூடி வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் சாப்பாடு தயார். ஒரு பல்புக்கு ஆகும் மின்சாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்றாள் இஸ்திரி அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பரிசோதகருக்கு இரட்டைப் பணி. மீட்டர் அன்று பானையைச் சோதித்தாள். கறிக்கடையில் உறை கிழிந்ததும் கோணலானதுமான சாசேஜ்களை, அதாவது கறிக்குழல்களை, பாதி விலைக்குத் தருவார்கள். அதில் ஒரு பொட்டலம். உருளைக்கிழங்கைத் தோலோடு கழுவி நான்காக வெட்டி அடியில் பரப்பினாள். இறைச்சியைவிட அதுதான் வேகத் தாமதமாகும், சூடும் அடியிலும் பக்கத்திலும்தான் அதிகம். அதன்மேல் வெங்காயமும் கேரட்டும். சாசேஜை வாணலியில் இரண்டு நிமிடம் சிவக்கப் புரட்டி மேலே அடுக்கி, நசுக்கிய பூண்டு, மிளகு, உப்பு, ஒரு குவளைத் தண்ணீர். பத்து நிமிட வேலை. எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது கரண்டி பட்டவுடன் கிழங்கு பிளந்தது. கொழுப்பும் பூண்டும் கலந்த குழம்பு அடியில் திரண்டு நின்றது. இனி ஐந்து வாரமும் கவலையில்லை என்று அவள் நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை அதே கிழங்கு, அதே வெட்டு, அதே தண்ணீர். மாலை ஐந்தேகாலுக்கு வந்து திறந்தால் கிழங்கு கல் மாதிரி இருந்தது; மூடி ஆறு மணிவரை விட்டுப் பார்த்தும் இளகவில்லை. ஒன்பதரை மணி நேரம் சூட்டில் இருந்த கிழங்கு. பரிசோதகர் மேசையில் உட்கார்ந்து மணியைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சட்டிக்கு மாற்றி அடுப்பில் ஏற்றி வேகவைத்துப் பரிமாறியபோது ஆறே முக்கால். வகுப்பு போயிற்று.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. இரண்டாவது நாளும் போயிற்று.

வாசனையைப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டு அக்கா வந்தார். பானையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதற்குச் ‘சோம்பேறிப் பானை’ என்று பெயர் வைத்தார். சமையல் என்றால் பக்கத்தில் ஒருத்தி நிற்க வேண்டும், வேர்க்க வேண்டும், மனசை அதில் வைக்க வேண்டும். பிளக்கைச் சொருகிவிட்டு ஊர் சுற்றப் போனால் கிழங்கு எப்படி வேகும் என்று கேட்டார். கைராசி, கைமணம், மனசு என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று உருளைக்கிழங்குக்குத் தெரியாது. சூடும் நேரமும் கிடைத்தால் அது யார் வீட்டிலும் வேகும். கிடைக்காவிட்டால் உத்தமியின் கையிலும் வேகாது. ஆனால் பெண்ணின் கால்வலியை ருசி என்று பெயர் சொல்லி விற்கிற வியாபாரம் காலகாலமாக நடக்கிறது. வாங்குகிறவர்களைவிட, அதே வலியை அனுபவித்த பெண்களே அதைக் கூவி விற்பதுதான் இதில் மகா கொடுமை.

மீட்டர் பழுதைத் தேடிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெந்தது திங்கட்கிழமை ஏன் வேகவில்லை? கிழங்கு அதே மூட்டை. மின்சாரம் நிற்கவில்லை; சுவர்க்கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் பானைக்குப் பக்கத்தில் மேடையைக் குனிந்து பார்த்தாள். காலையில் துடைத்துவிட்டுப் போன கருங்கல் மேடையில் ஈரம் காய்ந்த வட்டங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறியும் விலகியும், எல்லாம் ஒரே அளவு. மூடியை எடுத்து ஒரு வட்டத்தின்மேல் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. ஆவி வழிகிற மூடியை யாரோ கழற்றி மேடையில் வைத்த தடம். எண்ணினாள்: ஏழு.

“மூடியைத் திறந்தீங்களா?” என்று கணவரைக் கேட்டாள்.

“ஒரு தடவை பாத்தேன்.”

“ஏழு வட்டம் இருக்குங்க.”

“பாக்காம எப்படி விடறது? உள்ள என்ன நடக்குதுன்னு தெரிய வேணாமா?” பரிசோதகருக்கு வெட்கமே இல்லை, பெருமைதான் இருந்தது. “இருபத்திரண்டு வருஷமா ஏறிப் பாக்காம ஒரு வண்டியை நான் விட்டதில்ல.”

திறந்து பார்த்ததோடு நிற்காமல், ஒவ்வொரு முறையும் கரண்டியால் கிளறியும் விட்டிருந்தார். அந்தப் பானை மெல்ல மெல்லத்தான் சூடேறும், ஒரு தடவை திறந்தால் போன சூட்டைப் பிடிக்க அரை மணி நேரம் ஆகும், ஏழு தடவை என்றால் மூன்றரை மணி நேரச் சமையல் காற்றோடு போயிற்று என்று அவள் விளக்கினாள். எதிரில் இருந்தவர் டிக்கெட் இல்லாத பயணியின் சாக்கைக் கேட்கும் முகத்தோடு கேட்டார். ஒரு மூடியைத் திறந்ததற்கா இத்தனை கணக்கு என்றார். பானை பழசு, ஏமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அக்கா தலையை ஆட்டினார்.

வாதத்தால் இவர்களிடம் ஒன்றும் நடக்காது என்று மீட்டருக்குப் புரிந்தது. கண்ணால் பார்ப்பதைத்தான் நம்புவேன் என்று மார்தட்டுகிறவர்கள், கண் முன்னால் ஏழு வட்டம் இருந்தும் நம்பவில்லை. புதன்கிழமை மூன்றாவது நாள். அன்றும் தவறினால் பெயர் போய்விடும்.

புதன்கிழமை காலை அவள் பானையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சலவைக்கூடத்துப் பெண்கள் சாப்பிடும் மேசையில் வைத்து எட்டரைக்குப் பிளக்கைச் சொருகினாள். பத்து மணிக்கெல்லாம் வாசனை கிளம்பிவிட்டது. இஸ்திரி அக்காவே மூடியில் கை வைத்தாள்.

“கையை எடுக்கா.”

“என் பானைடி இது.”

“நேத்துவரைக்கும்.”

அங்கே தொற்று நோயாளிகளின் துணிமூட்டைகளில் ஒட்ட மஞ்சள் நாடா உண்டு. ‘தொற்று, திறக்காதீர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மீட்டர் அதில் ஒரு முழம் கிழித்து மூடிக்குக் குறுக்கே ஒட்டினாள். கூடம் முழுக்கச் சிரித்தது. ஆனால் பிறகு ஒருவரும் தொடவில்லை. நாலரைக்கு நாடாவைப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். கிழங்கு நாக்கிலேயே உடைந்தது. இஸ்திரி அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, இதைத் தெரியாத்தனமாகக் கொடுத்துத் தொலைத்தேனே என்றாள்.

ஐந்தேகாலுக்கு வீடு. ஆறுக்கு மேசை. பரிசோதகர் சாப்பிட்டார். இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டார். வாசனைக்குக் கீழ்வீட்டு அக்காவும் வந்து ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

“இன்னிக்கு லீவு போட்டு நின்னு செஞ்சியா?” என்றார் பரிசோதகர். “ருசியே வேற.”

“நான் துணி போட்டுக்கிட்டிருந்தேங்க. பானை எட்டு மணி நேரம் தனியா மேசையில இருந்துச்சு. யாரும் திறக்கல.”

“அப்போ நான் பாத்ததாலதான் வேகலங்கறியா?”

“ஆமாங்க.”

அவர் சாசேஜை மென்றுகொண்டே யோசித்தார். சாட்சி வாயிலேயே இருந்தது; விழுங்கவும் செய்தார். பிறகு, “சரி, நாளைக்கு இங்கேயே வை. ஒரே ஒரு தடவை மட்டும் பாக்கறேன்” என்றார்.

“பாக்காம இருக்க முடியாதா?”

“அது எப்படி முடியும்? என் வீட்டுல, என் சமையலறையில.”

அவருடைய சமையலறை. அதில் ஒரு தம்ளரைக்கூடக் கழுவியிராத மனிதருக்கு, தேவைப்படும்போது மட்டும் அது அவருடையதாகிவிடுகிறது. அதிகாரம் என்பதே இப்படித்தான். வேலை செய்ய வராது, மூடியைத் திறந்து பார்க்க மட்டும் தவறாமல் வரும்.

அக்கா சும்மா இருந்திருக்கலாம். “என்ன இருந்தாலும் பொம்பளை நின்னு செய்யறதுக்கு ஈடாகுமா?” என்றார், மூன்றாவது சாசேஜை எடுத்துக்கொண்டே.

மீட்டர் மணியைப் பார்த்தாள். ஆறு ஐந்து. “நீங்க சொல்றது சரிதான் அண்ணி” என்றாள். “பானை இனிமே சலவைக்கூடத்துலயே இருக்கட்டும். நாங்க எட்டுப் பேரும் முறைபோட்டுச் சமைச்சு அங்கேயே சாப்பிட்டுக்கறோம். உங்க தம்பிக்கு நாளையிலேர்ந்து நீங்க நின்னு செஞ்சு போடுங்க. என்னைவிட உங்களுக்குத்தான் கைராசி.”

அக்கா தானே விரித்த பாயில் தானே படுக்க வேண்டியதாயிற்று. மீட்டர் நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வருகைப் பதிவேட்டில் அவள் எண் வந்தபோது “இருக்கேன்” என்று சொன்ன குரல் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான்கு நாளும் அக்கா நின்றார். மூன்று மணிக்கே அடுப்பைப் பற்றவைத்தார். தம்பி கீழே இறங்கி வந்து, அப்போதிருந்தே ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பார்த்தார். உப்புக் குறையும் போலிருக்கே என்றார். இன்னும் கொஞ்சம் வேகட்டுமே என்றார். திறந்த மூடியை எங்கு எடுத்தாரோ அங்கு வைக்காமல் விட்டார். சனிக்கிழமை அக்காவின் கணுக்கால் வீங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பியின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார் என்று மாடிவரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை மாலை ஆறடிக்கும் நேரம். மீட்டர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு காலை நொண்டியபடி ஏறி வந்தார். பின்னாலேயே பரிசோதகரும் வந்தார். கையில் வேகாத உருளைக்கிழங்குகள் நான்கு, ஒரு கத்தி.

“இனி உனக்கு நீயே வெட்டிக்க, தம்பி” என்றார் அக்கா. “என்னால நிக்க முடியாது.”

“எனக்கு என்னக்கா தெரியும்?”

“தெரியாததையெல்லாம் திறந்து திறந்து பாத்தியே. தெரிஞ்சிருக்கணுமே.”

பரிசோதகர் மனைவியைப் பார்த்தார். இத்தனை வருடங்களில் அவர் அவளிடம் சமையலைப் பற்றிக் கேள்வியாக ஏதும் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். எத்தனை துண்டாக வெட்டுவது என்று கேட்டார்.

“நாலா” என்றாள் அவள். “தோலோடவே.”

அக்கா படியில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பானை என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அதைச் சோம்பேறி என்று சொன்னவர் தான் என்பது அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது. தங்கள் கால் வலிக்கும்போதுதான் உலகத்தில் கால்வலி என்று ஒன்று பிறக்கிறது.

“எட்டரைக்கு வந்து சொல்றேன் அண்ணி” என்றாள் மீட்டர். அன்று பாதுகாப்பு வால்வைப் பற்றிய பாடம். அவள் இரண்டு படிகளை ஒரே எட்டில் தாண்டி இறங்கினாள்.