அண்ணனின் ரேடியோவும் நான் பிடுங்கிய ஒயரும்

அண்ணனின் நோய்க்குக் காரணம் எங்கள் மொட்டைமாடியில் இருந்த ரேடியோ பெட்டிதான் என்று நான் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில், முழு சுயநினைவோடு நம்பினேன். சொந்தபந்தங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

திருவானைக்காவலில் பிறந்த அண்ணன், அப்பா போன பிறகு பதினெட்டு வயதிலேயே ஆலை வேலைக்குப் போய் எங்களைக் கரையேற்றியவர். ஒயர் இழுக்க முடியாத இடங்களில், இயந்திரங்களின் சூடு, அழுத்தம் போன்ற அளவுகளை ரேடியோ வழியே கொண்டுவருவது அவர் வேலை. ஓய்வு பெற்றதும் அதே வகை ரேடியோக்களைக் கொள்ளிடக் கரையில் ஏழு வாழைத் தோப்புகளில் வைத்தார். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் ஒரு ரேடியோ அடுத்ததிடம் சொல்லும், அது அடுத்ததிடம். கடைசியில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடிப் பெட்டிக்குச் செய்தி வரும். அது மோட்டாரை நிறுத்தச் சொல்லும்.

அண்ணன் கல்லீரல் நோயோடு தில்லை நகர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ரேடியோ அலை கல்லீரலை அரிக்கும் என்று போனில் ஒரு செய்தி வந்தது. ரப்பர் செருப்பு மாட்டி, தலையில் எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு மாடியேறினேன். துணி காயப்போடும் கொம்பால் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன்.

"அண்டாவை நசுக்கிடாதீங்க, நாளைக்கு வேணும்" என்றாள் என் மனைவி.

உயிரைக் காப்பாற்றிய மிடுக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், அண்ணன் போனைக் காதில் வைத்திருந்தார். மறுமுனையில் ஏழு தோப்புக்காரர்களில் ஒருவரான செல்வராஜ்; குரல் எனக்கே கேட்டது.

"தண்ணி இல்லாம ஓடி மோட்டார் கருகிடுச்சுங்க சார்."

அண்ணன் போனை வைத்ததும் நான் அண்டா உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பெட்டி மாடியில இருக்கு. அந்தச் செய்தியைப் படிச்ச போனும் ரேடியோதான், அது எங்கடா இருக்கு?"

என் சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டி இருந்தது.

பிறகு செல்வராஜைத் திரும்பக் கூப்பிட்டு, "தப்பு என்னோடதுங்க, மோட்டாரை நான் சரி பண்ணித் தரேன்" என்றார். என்னை ஒரு வார்த்தையில்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உன்னை மாதிரி ஒருத்தன் ஒயரைப் பிடுங்குவான்னு நான் யோசிச்சிருக்கணும். ரேடியோ பேச்சு நின்னா மோட்டாரும் தானா நிக்கணும்டா."

அவர் படுக்கையிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, நான் ஏழு தோப்புக்கும் போய் இணைப்புகளை அப்படி மாற்றினேன். எத்தனை முறை தப்பாகச் சொருகினேன் என்பதை அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை.

இரவு பகல் பார்க்காமல் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த காட்டூர் அத்தை குடும்பத்துக்கும், முதல் ஆளாக வந்து பாடைக்குத் தோள் கொடுத்த செல்வராஜுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணன் போன அன்று எங்கள் தெருவில் கரண்ட் போய், மாடிப் பெட்டி அணைந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஏழு தோப்பிலும் மோட்டார்கள் தாமாக நின்றன. ஒன்றுகூடக் கருகவில்லை.