பத்து நாள் தொட வேண்டாம் என்று சொன்னேன்

அருளப்பு அண்ணை போய்விட்டார். அடக்கமும் முடிந்துவிட்டதாம். நான்கு நாள் கழித்து ஒரு வாட்ஸ்அப் குறூப்பில், யாருடையதோ பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழே கிடந்தது செய்தி.

எனக்கு ஒரு போன் கோல் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை...

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலேர்மோ நகரில், ஒரே சிஞ்ஞோரா வீட்டில், அதாவது ஒரே இத்தாலிய எசமானியம்மாவிடம், எங்கள் இருவருக்கும் வேலை. அவர் சமையல், நான் துப்புரவு. எனக்கு இருபத்து மூன்று வயது, பையில் எப்போதும் ஒரு புத்தகம். அதனால் அவர் வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கியபோது ஆங்கிலக் குறிப்புகளை வாசித்துச் சொல்வதும் என் தலையில் விழுந்தது.

மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் நாள் விருந்துக்குத் தானே காய்ச்சிய பியரைக் குழாயில் பிடித்துக் கொடுக்கப்போவதாகக் கோயில் முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரேத்தோ தெருவில் அவர் வீட்டில் ஒரு பழைய பிரிட்ஜ். உள்ளே ஸ்டீல் பீப்பாய், பக்கத்தில் காஸ் சிலிண்டர்.

"காஸ் மெல்ல மெல்லத்தான் பியருக்குள்ளை இறங்கும் அண்ணை. பத்து நாள் தொடாதேங்கோ."

"ஓம் ஓம், ரீச்சர்."

தொட்டார். யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னால் பிரிட்ஜைத் திறப்பார். பீப்பாய் மூடியில் காஸை வெளியே விட ஒரு சின்ன வளையம் உண்டு... அதை இழுத்து ஸ்ஸ்ஸ் என்று சத்தம் காட்டுவார். "கேட்டியளே? உயிரோடை இருக்கு."

வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாதாம். சத்தமாவது கொடுக்க வேண்டுமாம்.

முதல் நன்மைக்கு முதல் நாள், சனிக்கிழமை, இழுத்து இழுத்தே சிலிண்டர் காலி. ஞாயிறு கடை இல்லை. பியரில் நுரையே இல்லை. பாதர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதென்ன அருளப்பு, கசாயமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணையும்.

நான் சிரிக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் "சொன்னனான்தானே" என்றேன். அவர் சிரிப்பு நின்றுபோனது. வெள்ளை உடுப்போடு நின்ற மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த வருடம் எனக்கு ஜெனோவாவில் வேலை கிடைத்தது. துறைமுகத்துக்கு என் பெட்டியைத் தூக்கி வந்தவர் அவர்தான்.

"உனக்கெண்டு ஒரு பீப்பாய் போட்டிருக்கிறன். காஸ் குடுத்து இண்டைக்கு நாலாம் நாள். இன்னும் ஆறு நாள் நிண்டு குடிச்சிட்டுப் போவன்."

"கப்பல் நிக்காது அண்ணை."

"வளையத்தைக் குறட்டாலை கழட்டிப்போட்டன். இனி நானும் இழுக்கேலாது."

ஆறு நாள் கழித்து போன் வந்தது. "பிள்ளை, நாக்கிலை குத்துது. ரெண்டு விரல் உயரத்துக்கு நுரை. பாதர் மூண்டு கிளாஸ்!"

அவ்வளவு சந்தோஷமான குரலுக்கு நான் சொன்ன பதில்... "சொன்னனான்தானே."

இவ்வளவு வாசித்தும் வேறு சொல் வரவில்லை. ஒவ்வொரு கோடையும் வாறன் வாறன் என்று சொல்லி, போகவும் இல்லை.

போயிட்டு வாங்கோ அண்ணை. உங்கட பியர் நல்லா வந்தது.