நானோ அக்காவின் ஒரு நொடி

“எத்தனை மணிக்குச் சேமிச்சீங்க?”

“பத்தரைக்கு.”

“பத்தரைன்னா? நொடி சொல்லுங்க. நொடிக்கு உள்ளயும் சொன்னா இன்னும் சந்தோஷம்.”

கேட்டவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்தக் கோப்பில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று நினைவு வைத்துக்கொள்ளும் மென்பொருளைப் பராமரிப்பது அவள் வேலை. ஒரு நொடியை நூறு கோடி துண்டாக்கினால் ஒரு துண்டு நானோநொடி. வாயைத் திறந்தால் அந்தப் பேச்சுதான் என்பதால் அலுவலகத்தில் அவள் நானோ அக்கா. இத்தனைக்கும் எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. “அஞ்சே நிமிஷம்” என்பாள். அவள் வீட்டுக்காரர் அதை ஆறால் பெருக்கிக்கொள்வார்.

எதிரே நின்ற சோதனையாளர் ஐம்பதைத் தாண்டியவர். முகம் வாடியிருந்தது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவியின் அளவுக் கோப்பில் 21 என்பதை 12 ஆகத் திருத்தியிருந்தார். மென்பொருளோ மாற்றமே இல்லை என்று சாதித்து, பழைய எண்ணையே அனுப்பிவிட்டது. கடைசிச் சரிபார்ப்பில் பிடிபட்டது, நல்லவேளை. ஆனால் மேலாளர் எல்லார் முன்னாலும், “அப்புறமா திருத்திட்டு மென்பொருள் மேல பழி போடாதீங்க” என்றுவிட்டார்.

“நான் அப்பவே திருத்தினேம்மா.”

“திருத்தினீங்கண்ணே. உங்க கோப்பே சொல்லுது.”

அவர் வரிசையாக எழுதிவைத்து ஓட்டிய கட்டளைகளில், பழைய எண் மென்பொருளில் பதிவானதும் அடுத்த கட்டளை அதைத் திருத்தியதும் ஒரே நொடிக்குள் நடந்திருந்தன. அவருடைய கணினியின் பழைய வட்டு, கோப்பு மாறிய நேரத்தை நொடிவரைதான் எழுதும். நேரமும் அதே, 21-ம் 12-ம் இரண்டு இலக்கம் என்பதால் கோப்பின் நீளமும் அதே என்றதும் மென்பொருள் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“அதே சட்டைன்னதும் முகத்தைப் பார்க்காமலே ஆளை உள்ள விட்டிருக்கு, சோம்பேறி!” சிரித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அந்த இடத்தை எழுதினதே நான்தான்.”

இரண்டு நாள் அதே வேலை. நானோநொடி தரும் வட்டென்றால் அதைவைத்தே ஒப்பிட வேண்டும். நொடி மட்டும் தெரிந்து, பதிவான நேரமும் திருத்திய நேரமும் ஒன்றாகவே இருந்தால், நேரத்தை நம்பாமல் கோப்பைத் திறந்து படிக்க வேண்டும். அவருடைய சோதனையையே ஆயிரம் முறை ஓட்டினாள். ஆயிரம் முறையும் மென்பொருள் மாற்றத்தைப் பிடித்தது.

மேலாளர் தானே எழுந்து சோதனையாளரிடம் வந்தார். “அவசரப்பட்டுட்டேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க.”

திருத்தத்தை எல்லாருக்கும் அனுப்ப ஒரே ஒரு விசை பாக்கி. நானோ அக்கா எழுந்து, தன் நாற்காலியைச் சோதனையாளர் பக்கம் திருப்பிவிட்டு, விசைப்பலகையை அவர் கைக்கு நகர்த்தினாள்.