அக்கா இருக்கும் ஊரில் ஹோட்டல்

பினாங்கில் கூடப்பிறந்த அக்கா இருக்கும்போது அங்கே ஹோட்டலில் அறை எடுப்பவனை எங்கள் எஸ்டேட்டில் யாரும் மனிதனாக மதிக்கமாட்டார்கள். மந்தினிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்தச் செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை என்பதால் கொஞ்சம் மரியாதை உண்டு. அந்த மரியாதையைத்தான் போன வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் பணயம் வைத்தேன்.

காரணம் என் மகள். ஆறாம் ஆண்டு முடித்திருந்தாள். அடுத்து சிரம்பானில் இடைநிலைப்பள்ளி. பயணத் திட்டத்தை நீயே போடு என்று நான்தான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் மூன்று நாளுக்கும் மணிவாரியாக எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். கொடிமலை ரயில் இருந்தது, சுவர் ஓவியத் தெருக்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், நீச்சல் குளம் உள்ள ஹோட்டல். நான்காம் ஆண்டு படிக்கும் மகன் அதற்குக் கீழே தன் கோணல் எழுத்தில் ‘காலைச் சாப்பாடு’ என்று மட்டும் சேர்த்திருந்தான்.

"அத்தை வீடு இருக்குல்ல?" என்றேன்.

"ஒவ்வொரு லீவுக்கும் அத்தை வீடுதானப்பா. எல்லாரும் ஹால்ல வரிசையா படுத்திருப்போம். இந்த ஒரு வாட்டி மட்டும்லா."

அவள் அடம்பிடிக்கவில்லை. அடம்பிடித்திருந்தால் ஓர் அதட்டலில் முடித்திருப்பேன். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கல்யாணமாகிப் பினாங்கு போனவள். கணவர் இறந்தபின் ஆயர் ஈத்தாம் பக்கம் பதினோராவது மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். நேர்முகத் தேர்வோ மருத்துவமனையோ தைப்பூசமோ, தோட்டத்திலிருந்து பினாங்கு போகும் எங்கள் சொந்தம் மொத்தமும் அங்கேதான் தங்கும். தன் கட்டிலை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு அவள் சமையலறை வாசலில் பாய் போட்டுப் படுப்பாள். அப்படிப்பட்டவளிடம் போய், உங்கள் வீடு வேண்டாம், பிள்ளைகளுக்கு ஹோட்டல்தான் வேண்டுமாம் என்று எப்படிச் சொல்வது? அக்காவின் மனம் நோகக்கூடாது, மகளின் முகமும் வாடக்கூடாது. ஒரு வாரம் அல்லாடினேன்.

கடைசியில் ஒரு பொய் தயாரானது. இரண்டு நாள் ஹோட்டல். மூன்றாம் நாள், அன்றுதான் ஊரிலிருந்து வந்து இறங்கியதுபோல அக்கா வீடு. இதைச் சொன்னபோது மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்க," என்றாள். "அக்காகிட்ட நேரா சொல்லிடுங்க."

"அத்தைகிட்ட நானும் பொய் சொல்லணுமாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்," என்றேன். சுள்ளென்று சொல்லிவிட்டேன், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

எல்லாம் சரியாகத்தான் போனது, காரைக் கோயிலுக்குக் கொண்டுபோகும்வரை. தூரப் பயணம் என்றால் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் காருக்குப் பூசை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்புவோம். பூசாரி வேறு யாருமில்லை, அக்காவின் கொழுந்தனார். எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் பூசை போடாமல் ஹைவேயில் ஏறும் துணிச்சல் எனக்கு இல்லை.

சூடத்தட்டோடு காரைச் சுற்றி வந்தவர், "எங்க மச்சான் பயணம்?" என்றார்.

"பினாங்கு."

"அண்ணி வீட்டுலதான தங்கல்?"

முனீஸ்வரர் அரிவாளோடு நேரெதிரே நின்றார். ஆபீசில் மேனேஜரிடம் எத்தனையோ சமாளித்திருக்கிறேன். அந்த இடத்தில் பொய்க்கு நாக்கு புரளவில்லை. "இல்ல மச்சான், ஹோட்டலு," என்றேன். அவர் என் நெற்றியில் திருநீறு பூசினார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், சொந்தக்காரர் வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான்கு பழங்களையும் நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

தாப்பா ஓய்வுத்தளத்தில் பிள்ளைகள் பீசாங் கோரேங் என்னும் வாழைப்பழப் பஜ்ஜி வாங்கப் போயிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. பூசாரி அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்.

"தம்பி, ஹோட்டல்லயா தங்குறீங்க? எந்த ஹோட்டலு?"

பெயரைச் சொன்னேன். "அது வந்துக்கா, பிள்ளைங்க நீச்சல் குளம் கேட்டாங்க. நாளான்னிக்கு ஒங்க வீட்டுக்குத்தான்..."

"ரூம்ல எத்தன கட்டிலு?"

"என்னக்கா?"

"எத்தன கட்டிலுன்னு கேட்டேன்."

"ரெண்டு. பெரிய கட்டிலு."

"சரி, அப்ப நானும் வர்றேன்லா," என்று போனை வைத்துவிட்டாள்.

குத்திக்காட்டுகிறாள் என்றே நினைத்தேன். மீதி வழி முழுக்க மன்னிப்புக் கேட்கும் வாசகங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே ஓட்டினேன். பாலத்தைக் கடந்து ஹோட்டலுக்குள் நுழைந்தால், முன்கூடத்துச் சோபாவில் ஒரு சின்னத் துணிப்பையோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். ஹோட்டலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் குளத்தில் குதிக்க, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் காலைத் தொங்கவிட்டிருந்தாள். கேட்க வேண்டிய மன்னிப்பை நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் விழித்தபோது அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டரைக்கும் அப்படியே கிடந்தாள். சாப்பாடு முடிந்துவிடும் என்று மகன் கதவருகே நின்று தவித்தான். எனக்குப் பயம் வந்து தோளைத் தொட்டேன்.

"ஒடம்புக்கு என்னக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. யாரும் எழுப்பலியே, அதான் படுத்துருந்தேன்."

கீழே சாப்பிட உட்கார்ந்த பிறகு அவளாகவே சொன்னாள். "நீங்கள்லாம் வந்தா எனக்குச் சந்தோசந்தான், அதுல பொய்யில்ல. ஆனா ஆளு வருதுன்னா காலையில நாலரைக்கு எந்திரிக்கணுமேன்னு முத நாளே இடுப்பு வலிக்க ஆரம்பிச்சுரும். கலியாணமாகி வந்ததுலேருந்து நான் ஒரு ஹோட்டல்ல படுத்ததில்ல. யாரு என்னைய கூப்புட்டா?"

குறையாகச் சொல்லவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவள் மனம் நோகக்கூடாது என்று ஒரு வாரம் அல்லாடியவன், அவள் இடுப்பைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"இருங்கக்கா, காப்பி கொண்டாறேன்," என்று எழுந்து போனேன். இயந்திரத்துக்கு அடியில் கோப்பையை வைத்த பிறகுதான் உறைத்தது. எனக்கு எத்தனை கரண்டி சீனி, என் மனைவிக்கு எவ்வளவு பால், மகனுக்கு எவ்வளவு ஆறவேண்டும் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். அவள் காப்பிக்குச் சீனி உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு, அவளிடம் கேட்பதற்காக மேசைக்குத் திரும்பி நடந்தேன்.