அம்மா ஏறாத கார்

எங்கள் காரின் நான்கு டயர்களும் மொட்டையாகிப் போனபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். போத்தனூரில் வீடு. அப்பாவுக்குக் கார் ஓட்ட வரும், ஆனால் பிடிக்காது. அதனால் அம்மாதான் ஓட்டுவாள். என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போவாள். பம்புசெட் செய்யும் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. செம்புக் கம்பியும் பேரிங்கும் யாரிடம் வாங்கலாம், யாரிடம் வாங்கக் கூடாது என்று ஒரு கம்பெனிக்கே முடிவு செய்கிறவள். அப்படிப்பட்டவளுக்கு நாலு டயர் வாங்கத் தெரியாது என்று எங்கள் குடும்பம் முடிவு செய்தது. இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிவிடுகிறது.

அம்மா சும்மா இருக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு கடைக்காரர் அகலமான, பளபளப்பான டயர்களைக் காட்டி, போட்டால் வண்டிக்கே தனிக் களை வந்துவிடும் என்றார். கார்க் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த அளவை அம்மா அவருக்குச் சொல்லி, அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட அகலம் வேண்டாம் என்றாள். இன்னொருவர் மிக மலிவாக ஒன்றைக் காட்டினார். அம்மா குனிந்து அதன் பக்கவாட்டில் அச்சாகியிருந்த எண்ணைப் படித்துவிட்டு எழுந்துவிட்டாள்.

“விலை கொறைஞ்சாப் போதும்னு நான் வரலீங்க. மழையில பிரேக் போட்டா வண்டி நிக்கோணுங்க. அப்படி நிக்கறதுல எது விலை கம்மியோ, அதைக் குடுங்க” என்றாள்.

கடைசியில், விலையில் நடுவாந்தரமான ஒன்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது. சம்பளம் வந்ததும் மாட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன். பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம், சொந்தமாக லாரிகள். சக்கரம் வைத்த எதைப் பற்றியும் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவருடைய எண்ணம்; எங்கள் வீட்டின் எண்ணமும் அதுதான். எனக்குப் பள்ளி இல்லாததால் காரை வீட்டில் விட்டுவிட்டு அம்மா ஆபீசுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, காரை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் கன்னங்கரேலென்று மின்னும் நான்கு டயர்களோடு திரும்பி வந்தார்.

“பாத்தியா அம்மணி, பாதி விலை! பட்டனைப் பாரு, கத்தியாட்ட இருக்குது.”

டயரின் மேலுள்ள வரிப்பள்ளங்களைத்தான் பட்டன் என்பார்கள். அவை ஆழமாகத்தான் இருந்தன. அம்மா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முந்தானையால் பக்கவாட்டைத் துடைத்தாள். பாலிஷ் கறுப்பாக வந்தது. அதன் அடியில் நான்கு இலக்க எண். முதல் இரண்டும் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருடம் என்று கடைகளில் எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். நானும் பார்த்தேன். அந்த டயருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

“ஓடாத டயருதானுங்க மாமா. ஆனா செஞ்சு பத்து வருசம் ஆகிப்போச்சுங்க. எங்கியோ குடோன்ல கெடந்திருக்குது. ரப்பர் கல்லாட்டம் ஆயிருச்சுங்க, ஈரத்துல பிடிக்காது” என்றாள் அம்மா. பெரியப்பாவை அவள் மாமா என்றுதான் அழைப்பாள்.

பெரியப்பா சிரித்தார். “டயரென்ன தேங்காப்பாலா அம்மணி, கெட்டுப்போறதுக்கு?”

அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. பெரியப்பா போனபிறகு அப்பா, “அண்ணன் ஆசையா வாங்கிட்டு வந்தது. கொஞ்ச நாள் ஓட்டிப்போட்டு மாத்திக்கலாம்” என்றார்.

“அந்தக் கொஞ்ச நாளும் பிரேக்கே போடாம ஓட்டறதுங்களா?” என்று கேட்டாள் அம்மா. திங்கட்கிழமை முதல் அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கிறாள், எத்தனை திமிர் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். டயரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்த மாதமே பொள்ளாச்சியில் அத்தை மகளுக்கு நிச்சயம் வந்தது. முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த பெரியப்பா, காரைத் தானே ஓட்டுவதாகச் சொல்லிக் காலையிலேயே ஸ்டார்ட் செய்துவிட்டார். வானம் மூடியிருந்தது. வாசலில் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள்.

“நான் பஸ்ஸுல வாரனுங்க மாமா” என்றாள் அம்மா, எல்லோர் காதிலும் விழும்படி.

பெரியப்பாவின் முகம் சுருங்கியது. பிறகு என்னைப் பார்த்தார். “கண்ணு, நீ வா. பெரியப்பன் ஓட்டறதப் பாரு.”

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கோ காரில் போகவே ஆசை.

“சரிங்க மாமா” என்று கையை விட்டாள்.

கிணத்துக்கடவு தாண்டியதும் தூறல் பிடித்தது. முன்னால் போன டெம்போ திடீரென்று நின்றது. பெரியப்பா பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை, எண்ணெய் ஊற்றிய கல்லில் போவது போலப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய், ரோட்டை விட்டு இறங்கித் தென்னைமரத்தில் மோதியது. பெரியப்பாவுக்கு நெற்றியில் வெட்டு. அப்பாவுக்கு ஒன்றுமில்லை. பின்சீட்டில் இருந்த எனக்கு இடது கை முறிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்த பஸ் நின்றது. அம்மா இறங்கி ஓடிவந்தாள். என் கையைப் பையிலிருந்த துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். பெரியப்பா நெற்றியைப் பொத்தியபடி பக்கத்தில் வந்து சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

“நீ டயரு டயருன்னு வாய் வெச்சீல்ல, அதுதான் இப்படி ஆயிப்போச்சு.”

அம்மா பேசுவாள் என்று காத்திருந்தேன். கத்துவாள், அந்த எண்ணைக் காட்டுவாள், ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நியாயம் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சொந்தங்கள் கூடினார்கள். ‘நல்லவேளை, பெரியவர் வண்டியைச் சாமர்த்தியமாகத் திருப்பினார்’ என்று மெச்சினார்கள். நெற்றியில் பிளாஸ்திரியோடு பெரியப்பா நிச்சய விருந்துக்குப் போனார், அப்பாவையும் அழைத்துக்கொண்டு. கார் பட்டறையிலிருந்து திரும்பியபோது, அம்மா அன்று பார்த்துவைத்த டயர்களையே வாங்கி மாட்டினாள். ‘நல்ல டயராப் போடுன்னு நாந்தான் சொன்னேன்’ என்று பெரியப்பா ஊரெல்லாம் சொன்னார்.

“ஏம்மா ஒண்ணுமே கேக்கல? பெரியப்பாவக் கண்டா பயமா?” என்று கட்டுப்போட்ட கையோடு அவளிடம் சண்டை பிடித்தேன். அம்மா என் தலையைக் கோதினாள். “தூங்கு கண்ணு” என்றாள்.

பயந்தாங்கொள்ளி அம்மா என்று அந்த வருடம் முழுக்க அவள்மேல் கோபமாக இருந்தேன். அவள் யாருக்கும் பயப்படவில்லை என்பதும், அவளுடைய கோபம் பெரியப்பாவை எட்டுவதற்கு முன்பே அவள்மீதே பாய்ந்துவிட்டது என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்தக் காரில் தான் ஏறமாட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லத் துணிந்தவள், என்னை ஏற்றமாட்டேன் என்று சொல்லவில்லை.