மாசி மகத்துக்கு மாற்றாள்

காத்தவராயன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் புதுச்சேரியில் அந்தத் துணி மில்லின் கேட்டில் நின்றாரென்றால், நடையைப் பார்த்தே எவன் எந்தத் தறிக்குப் போகிறான் என்று சொல்லிவிடுவார். மூட்டை தூக்க வந்தவர் டைம் ஆபீஸ் மேஸ்திரி ஆனது யார் போட்ட பிச்சையும் இல்லை.

எண்பத்தாறில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வருகைக் கணக்கெல்லாம் இனி அதில்தான். அதைக் கவனிக்க மெட்ராஸிலிருந்து ஜானகிராமன் வாராவாரம் வருவான். "வேற ஏதாவது மாத்தணுமாண்ணே?" என்பான். ஷிப்ட் நேரம் மாறும், வார லீவு மாறும், மேனேஜர் நேற்று சொன்னதை இன்று திருப்புவார். அத்தனைக்கும் முகம் சுளிக்காமல் குறித்துக்கொண்டு போவான். அந்த முகம் சுளிக்காததுதான் காத்தவராயனுக்கு உறுத்தியது. ஆட்குறைப்புக்கு வழி பார்க்க அனுப்பிய ஆள், சிரித்துச் சிரித்து வேவு பார்க்கிறான்.

மாசி மகத்துக்கு மறுநாள் அது உறுதியானது போலிருந்தது. குருசுக்குப்பம் பக்கிரிக்கு ஆப்சென்ட் விழுந்திருந்தது. பதிலி ஆளான அவனை அந்த மாதம்தான் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தார்கள். சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டாலும் அது போச்சு.

பக்கிரியின் தறி நிற்கவே இல்லை. அவன் சாமி தூக்கக் கடற்கரைக்குப் போக, தன் லீவு நாளில் வந்து அதை ஓட்டினார் இன்னொரு தறிக்காரர் சவுரிமுத்து. கல்லறைத் திருநாளுக்குச் சவுரிமுத்து போனால் அவர் தறியில் பக்கிரி நிற்பான். அந்த மில்லில் காலங்காலமாக இப்படித்தான். கேட்டில் காத்தவராயன் தலையசைத்தால் போதும், போனவனுக்கும் சம்பளம் விழும்.

"யார் சொல்லித் தம்பி பக்கிரி பேர்ல கை வச்ச?" என்று ஜானகிராமனைப் பிடித்தார் காத்தவராயன்.

"நான் வைக்கலண்ணே. சவுரிமுத்துக்கு அன்னிக்கு லீவு. அதனால மிஷின் அவர் வருகை அட்டையைத் தள்ளிடுச்சு, பக்கிரி தறிக்கு ஆளே வரலைன்னு எடுத்துக்கிச்சு. ஆள் மாத்தி நிப்பாங்கன்னு நீங்க ஒரு நாளும் சொல்லலையே."

"இதப் போயி சொல்லுவாங்களா? ஊருக்கே தெரியும்."

"என் ஊரு மாம்பலம்ணே."

காத்தவராயன் அவன் முகத்தையே பார்த்தார். கள்ளம் தெரியவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

மேனேஜர் சொன்னால் திருத்திவிடலாம் என்றான் ஜானகிராமன். அங்கேதான் சிக்கல். மேனேஜருக்கு இந்த ஏற்பாடே தெரியாது. தெரிந்தால் அடியோடு நிறுத்திவிட்டால்? இதைக் கறக்கத்தான் இந்தப் பையனை விட்டிருக்கிறார்களோ? வாசலில் பக்கிரி காத்து நின்றான். காத்தவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?" என்றார் மேனேஜர்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியிலேருந்து சார். இதால தறி நின்ன நாள் ஒண்ணு காட்டுங்க, நான் வேலையை விட்டுடறேன்."

மேனேஜரால் காட்ட முடியவில்லை. பக்கிரிக்கு அந்த நாள் திரும்பி வந்தது. ஆனால் இனி மாற்றாள் யாரென்று முந்தின நாளே மிஷினுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றார். காத்தவராயனின் தலையசைப்புக்கு அன்றோடு வேலை போயிற்று.

அடுத்த வாரம் ஜானகிராமன் வந்தான். "வேற ஏதாவது இருக்காண்ணே?"

"இருக்கும். எங்களுக்கே தெரிஞ்சா சொல்ல மாட்டமா? ஒரு வாரம் கேட்ல வந்து நில்லு, தானா தெரியும். நானும் உன்னைப் பாத்துக்கிட்டே இருப்பேன்."